‘பூட்’ என்ற சொல்லில் நின்ற மில்: ஸ்கோ யூனிக்ஸ் குறித்து ஒரு நிகழ்வு ஆய்வு

சூலூரிலிருந்து பல்லடம் போகும் வழியில், சாலையை விட்டு உள்ளடங்கி இருக்கிறது அந்த நூற்பாலை. ஆடிக் காற்று வீசும் பருவம். இரவில் எங்கோ கம்பி அறுந்து மின்சாரம் போய்விட்டது. ஸ்பின்னிங் பிரிவை ஜெனரேட்டர் ஏற்றுக்கொண்டது, அலுவலகத்தின் யு.பி.எஸ். பேட்டரிகள் செத்துக் கிடந்ததை அதுவரை யாரும் கவனிக்கவில்லை. இரண்டு ஆண்டுகளுக்கு மேல் அணைக்கப்படாமல் ஓடிக்கொண்டிருந்த கணக்குச் சர்வர் அன்றுதான் முதல்முறையாகக் குளிர்ந்தது.

காலை ஆறரைக்குக் கணக்கர், மில்லின் கணினிகளைக் கவனிக்கும் என்னை அழைத்தார். “தம்பி, பூட் என்று எழுதி, கீழே இரண்டு புள்ளி வைத்து நிற்கிறது. என்டர் தட்டினால் கொஞ்சம் முனகிவிட்டுத் திரும்ப அதுவே வருகிறது. நாளை சம்பளப் பட்டுவாடா.” அவர் விவரித்ததுமே எது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. கணினி தொடங்கும்போது வரும் அந்த இரண்டு புள்ளியை, ஸ்கோ யூனிக்ஸ் என்ற இயங்குதளத்தில் வேலை செய்த எவரும் மறக்க மாட்டார்கள். “அண்ணா, இனி ஒருமுறைகூட அதைப் போட வேண்டாம், அணைத்து வையுங்கள், வருகிறேன்” என்று சொல்லிக் கிளம்பினேன்.

அறைக்குள் போனதும் முதலில் கண்ணில் பட்டது சர்வரின் நெற்றி. ஒவ்வோர் ஆயுத பூஜைக்கும் வைத்த சந்தனமும் குங்குமமும் ஒன்றன்மேல் ஒன்றாகக் காய்ந்து, நகக்கண் அளவு தடித்திருந்தன. பின்பக்க மின்விசிறியில் பஞ்சுத் துகள் திரிபோலச் சுற்றியிருந்தது. உள்ளே ஒரு பென்டியம் செயலி, ஸ்கசி என்ற இணைப்பு வகையில் ஒரு ஹார்ட் டிஸ்க், எட்டு முனை மல்டிபோர்ட் அட்டை. அந்த அட்டையிலிருந்து சீரியல் கேபிள்கள் சுவரோரமாக ஓடி நூல் கிடங்கு, டைம் ஆபீஸ், ஸ்பின்னிங் மாஸ்டர் அறை, கணக்குப் பிரிவு என்று போய், மஞ்சள் எழுத்துத் திரை கொண்ட டெர்மினல்களில் முடிந்தன. மூலையில் 132 எழுத்து அகல டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர். இயங்குதளம் ஸ்கோ ஓப்பன்சர்வர் 5.0.5. 2000ஆம் ஆண்டுத் தேதிச் சிக்கலுக்குப் பயந்து 1990களின் இறுதியில் வாங்கியது.

அதில் ஓடிய நிரல்கள் அதைவிடப் பழையவை. சம்பளக் கணக்கு ஃபாக்ஸ்புரோ என்ற தரவுத்தள மென்பொருளில் இருந்தது. பஞ்சுப் பேல் வரவு, கவுண்ட் என்ற நூல் பருமன் வாரியாக நூல் இருப்பு, கழிவுப் பஞ்சு விற்பனை ஆகியவை 386 செயலிக்கான ஜெனிக்ஸ் என்ற பழைய யூனிக்ஸ் வகைக்கென்று வந்த, ஃபாக்ஸ்புரோவின் முன்னோடியான ஃபாக்ஸ்பேஸில் இருந்தன. அதாவது 1980களின் கடைசியில் ஓர் இயங்குதளத்துக்காகத் தொகுக்கப்பட்ட நிரல், பெயர் மாறி, கெர்னல் என்ற இயங்குதள மையம் மாறி, உரிமையாளர் மாறிய பிறகும் ஓர் எழுத்து திருத்தப்படாமல் ஓடிக்கொண்டிருந்தது. இது எப்படிச் சாத்தியமாயிற்று, பிறகு ஏன் அது முடியாமல் போகும் நிலை வந்தது என்பதைப் புரிந்துகொள்ளாமல் அந்த மில்லுக்கு எந்த ஆலோசனையும் சொல்லியிருக்க முடியாது. இதை எழுதுவதற்குக் காரணமும் அதுதான்.

ஒரு வம்சாவளி

யூனிக்ஸ் பிறந்தது ஏடி அண்டு டி நிறுவனத்தின் பெல் ஆய்வகத்தில். 1979இல் வெளிவந்த ஏழாம் பதிப்பின் மூலநிரலுக்கு உரிமம் வாங்கிய நிறுவனங்களில் ஒன்று மைக்ரோசாஃப்ட். யூனிக்ஸ் என்ற பெயரைப் பயன்படுத்த அனுமதி இல்லாததால், 1980 ஆகஸ்டில் ஜெனிக்ஸ் என்ற பெயரில் அறிவித்தது. தானே கடைக்கடையாக விற்காமல், கணினி தயாரிக்கும் நிறுவனங்களுக்கு உரிமம் கொடுத்தது. கலிபோர்னியாவின் சாண்டா குரூஸில் லேரி மைக்கேல்ஸும் அவர் மகன் டக் மைக்கேல்ஸும் 1979இல் தொடங்கிய சாண்டா குரூஸ் ஆபரேஷன் என்ற சிறு நிறுவனம்தான் ஜெனிக்ஸை இன்டெல் செயலிகளுக்குக் கொண்டுவந்து, சாதாரணப் பெர்சனல் கணினியிலேயே பலர் ஒரே நேரத்தில் வேலை செய்ய வழி செய்தது. அந்த நிறுவனப் பெயரின் முதலெழுத்துகளே ஸ்கோ.

கோவைக்கும் திருப்பூருக்கும் ஈரோட்டுக்கும் அது ஏன் பொருந்தியது என்பதை அன்று அருகிலிருந்து பார்த்தவன் நான். பெரிய நிறுவனங்களின் மினி கணினி வாங்க நடுத்தர மில்லுக்குக் கட்டாது. ஒரு 386 கணினியும் ஆறேழு டெர்மினலும் என்றால் கட்டும். வட்டு இல்லாத டெர்மினலில் கெட்டுப்போக அதிகம் எதுவும் இல்லை. பஞ்சு பறக்கும் கிடங்கிலும் தாக்குப்பிடிக்கும். தரவு முழுவதும் ஒரே இடத்தில் இருப்பதால் கணக்குப்பிள்ளைக்கும் முதலாளிக்கும் நிம்மதி.

1987இல் ஜெனிக்ஸின் உரிமையை மைக்ரோசாஃப்ட் ஸ்கோவிடம் ஒப்படைத்தது; ஈடாக ஸ்கோவில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாகப் பங்கு பெற்றது. அதே காலத்தில் ஜெனிக்ஸ் நிரல்களை ஓட்டும் ஆற்றலை ஏடி அண்டு டி சிஸ்டம் ஐந்து என்ற தன் யூனிக்ஸ் வரிசையின் 3.2 வெளியீட்டில் சேர்த்துக்கொண்டது. இந்த 3.2ஐ அடித்தளமாகக் கொண்டு 1989இல் ஸ்கோ யூனிக்ஸ் வந்தது. 1995இல் அதுவே ஓப்பன்சர்வர் 5 ஆயிற்று. உடை மாறியது, நிர்வாகக் கருவிகள் மாறின, கெர்னலின் எலும்பு 3.2ஆகவே இருந்தது. மில்லின் ஜெனிக்ஸ் நிரல் புதுச் சர்வரில் சிணுங்காமல் ஓடியதன் ரகசியம் இந்த எலும்பில்தான் இருக்கிறது.

இன்னொரு கிளை தனியாக வளர்ந்தது. ஏடி அண்டு டி, சன் நிறுவனத்தோடு சேர்ந்து, பெர்க்லி பல்கலைக்கழகத்தில் வளர்ந்த பெர்க்லி யூனிக்ஸ், ஜெனிக்ஸ் இரண்டின் கூறுகளையும் சிஸ்டம் ஐந்தோடு பிணைத்து நான்காம் வெளியீட்டை உருவாக்கியிருந்தது. அதை இன்டெல் கணினிகளுக்குக் கொண்டுவந்த வடிவம் யூனிக்ஸ்வேர். முதல் பதிப்பு 1992. ஏடி அண்டு டியின் யூனிக்ஸ் ஆய்வகத்தையே 1993இல் நாவெல் என்ற மென்பொருள் நிறுவனம் வாங்கியது. 1995இல் நாவெல் அந்த யூனிக்ஸ் தொழிலை ஸ்கோவுக்கு விற்றது. அந்த ஒப்பந்தத்தில் பதிப்புரிமையும் கைமாறியதா என்பது தெளிவாக எழுதப்படவில்லை. பிற்காலத்து வழக்குகளுக்கெல்லாம் விதை இங்கேதான் விழுந்தது.

ஆக, 1995க்குப் பிறகு ஸ்கோவின் கொட்டகையில் இரண்டு மாடுகள். ஒன்று, பழைய நிரல்களை அப்படியே சுமக்கும் ஓப்பன்சர்வர். மற்றொன்று, பெரிய டிஸ்க்கையும் பல செயலிகளையும் எளிதாகக் கையாளும் யூனிக்ஸ்வேர். இரண்டையும் ஒன்றாக்கும் எண்ணத்தோடு 1998இல் யூனிக்ஸ்வேர் 7 வந்தது. ஆனால் ஓப்பன்சர்வர் வாடிக்கையாளர்கள் நகரவில்லை. எங்கள் மில்லும் நகரவில்லை. ஓடுகிற நிரல் ஓடட்டும் என்பதே எல்லோருடைய கணக்கும்.

அதற்குள், யூனிக்ஸைப் போன்றே இயங்கும், மூலநிரல் திறந்த லினக்ஸ் வந்து சேர்ந்தது. 2001இல் ஸ்கோவின் சர்வர் தொழிலை, லினக்ஸ் விற்றுக்கொண்டிருந்த கால்டெரா வாங்கிக்கொண்டது. எனக்கு மனம் நிறைந்த ஒரு செயல் அந்த கால்டெராவிடமிருந்து வந்தது: 2002 ஜனவரியில், ஏழாம் பதிப்பு வரையிலான பழைய யூனிக்ஸ் மூலநிரலைத் தாராள உரிமத்தில் பொதுவுக்கு விட்டார்கள். ஜெனிக்ஸின் தாய் எப்படி இருந்தாள் என்பதை முதன்முறையாக வரிவரியாகப் படித்த அந்த இரவு எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. அதே ஆண்டில் கால்டெரா தன் பெயரை ஸ்கோ குழுமம் என்று மாற்றிக்கொண்டது. 2003 மார்ச்சில், யூனிக்ஸ் நிரலை லினக்ஸுக்குக் கொடுத்துவிட்டதாகக் கூறி ஐபிஎம் மீது நூறு கோடி டாலர் கேட்டு வழக்குத் தொடுத்தது.

வழக்கை விரிவாகச் சொல்ல வேண்டியதில்லை. பதிப்புரிமை நாவெலிடமே இருக்கிறது என்று 2007இல் நீதிபதி தீர்ப்பளித்தார்; அடுத்த மாதமே ஸ்கோ குழுமம் திவால் பாதுகாப்பு கேட்டது. மேல்முறையீட்டில் வழக்கு திரும்பி வந்து, 2010இல் ஜூரியும் நாவெல் பக்கமே நின்றது. ஐபிஎம்மோடு இருந்த மிச்ச வழக்கு, திவால் நிர்வாகியோடு 1 கோடியே 42½ லட்சம் டாலருக்கு 2021இல் சமரசமானது. மில்காரர் கவனிக்க வேண்டியது வேறு. நீதிமன்ற நடை நடந்துகொண்டிருந்த நடுவிலும் 2005இல் ஓப்பன்சர்வர் 6 வெளிவந்தது. பெயர் ஓப்பன்சர்வர், உள்ளே இருந்ததோ யூனிக்ஸ்வேர் 7இன் கெர்னல். 2011இல் அன்ஜிஸ் என்ற நிறுவனம் ஓப்பன்சர்வர், யூனிக்ஸ்வேர் இரண்டையும் வாங்கி, 2013இல் ஜினுவோஸ் என்று பெயர் மாற்றிக்கொண்டது. 2015இல் அது வெளியிட்ட ஓப்பன்சர்வர் 10, பெர்க்லி யூனிக்ஸின் வழிவந்த ஃப்ரீபிஎஸ்டியின் மேல் கட்டப்பட்டது.

பெயரும் எண்ணும்

முதலாளியின் மகன் படித்தவர், பொறுப்பானவர். நான் டிஸ்க்கைக் கழற்றிக்கொண்டிருக்கும்போதே கைபேசியில் தேடிவிட்டு, “ஐந்தாம் பதிப்புதானே நம்மிடம் இருக்கிறது, பத்தாம் பதிப்பு வந்திருக்கிறது, வாங்கிவிடலாமா?” என்று கேட்டார். யாருக்கும் தோன்றக்கூடிய நியாயமான கேள்வி. ஆனால் 5, 6, 10 என்ற எண்கள் ஒரே படிக்கட்டின் படிகள் அல்ல. ஐந்தின் கெர்னல் சிஸ்டம் ஐந்து 3.2 வழி. ஆறின் கெர்னல் யூனிக்ஸ்வேர் வழி. பத்தின் கெர்னல் பெர்க்லி வழி. ஒரே பெயர்ப்பலகையின் கீழ் மூன்று வெவ்வேறு வீடுகள். மில்லின் ஃபாக்ஸ்பேஸ் நிரல் முதல் வீட்டில் வாழ்ந்து பழகியது. மூன்றாம் வீட்டில் அதற்கு நேரடியாக இடமில்லை. பெயரை மட்டும் பார்த்து வாங்கியிருந்தால் காசும் போயிருக்கும், காலமும் போயிருக்கும்.

அவருக்குப் புரிய வைக்க நான் நூல் நூற்கும் ரிங் ஃபிரேமைத்தான் எடுத்துக்கொண்டேன். அந்த மில்லில் முப்பது ஆண்டு ஓடிய ஃபிரேம்கள் இருக்கின்றன. கியர் தேய்ந்தால் கோவையின் கணபதிப் பகுதிக்குக் கொண்டுபோகிறோம். லேத்துக்காரர் உடைந்த துண்டை வெர்னியரால் அளந்து, மறுநாள் புதிதாகக் கடைந்து கொடுத்துவிடுகிறார். இயந்திரம் செய்த நிறுவனம் இருக்கிறதா, விற்கப்பட்டதா, பெயர் மாறியதா என்று அவர் கேட்பதில்லை. பொருள் கையில் இருக்கிறது, அளவு எடுக்க முடிகிறது. இந்த ஊரின் தொழில் எழுந்ததே அந்தத் துணிச்சலில்தான். மூலநிரல் பூட்டிய இயங்குதளத்தில் அந்த உரிமை நம்மிடம் இல்லை. புதிய டிஸ்க்கை இயக்க டிரைவர் நிரல் வேண்டுமென்றால், உரிமையாளர் எழுதினால்தான் உண்டு. உரிமையாளர் நீதிமன்றப் படியேறிக்கொண்டிருந்தால், நம் டிஸ்க் காத்திருக்க வேண்டியதுதான்.

இருந்தும் வெளியே நின்று அளவெடுத்த லேத்துக்காரர்கள் இந்தத் துறையிலும் இருந்தார்கள் என்பதை மரியாதையோடு சொல்ல வேண்டும். இன்டெல் செயலியில் ஓடும் யூனிக்ஸ் நிரல்கள் கெர்னலோடு எப்படிப் பேச வேண்டும் என்பதற்கு ஐபிசிஎஸ் என்றொரு தரம் இருந்தது. அதைக் கொண்டு 1990களிலேயே லினக்ஸ் தன்னார்வலர்கள் ஒரு கெர்னல் இணைப்பை எழுதினார்கள். ஸ்கோவின் ஒரு வரி மூலநிரலும் கையில் இல்லாமல், ஸ்கோவுக்கான ஃபாக்ஸ்புரோவை லினக்ஸில் ஓட வைத்தார்கள். ஈரோட்டில் ஒரு விசைத்தறி வியாபாரியின் கடையில் நானே அப்படி ஓட்டியிருக்கிறேன். 64 பிட் கெர்னல்கள் பரவியபோது அந்த வேலை பின்தங்கிவிட்டது. அதனால் இந்த முறை அதை நம்பி இறங்க எனக்குத் துணிவு வரவில்லை.

மீட்ட விதம்

டிஸ்க்கை ஒரு லினக்ஸ் கணினியில் மாட்டி, முதலில் முழுப் பிரதி எடுத்தேன். படிக்க மறுத்த இடங்களைத் தாண்டிச் சென்று, பிறகு திரும்பி வந்து மறுபடி மறுபடி முயலும் நிரல் அதற்கு உண்டு. மாலை நான்கு மணிக்குத் தொடங்கியது, நள்ளிரவு வரை ஓடியது. கெட்ட செக்டார்கள் கெர்னல் இருந்த ரூட் பகுதியில் குவிந்திருந்தன. நல்லவேளையாக, ஸ்கோ வழக்கப்படி பயனர் தரவுக்கென்று ‘யூ’ என்று தனிப் பகுதி ஒதுக்கி வைத்திருந்தோம். அந்தப் பகுதியில் ஒரு பழுதும் இல்லை.

பிரதியை அப்படியே மெய்நிகர் கணினியில், அதாவது இன்னொரு கணினிக்குள் நிரலாகவே ஓடும் கணினியில், ஓட்ட முடியாது. ரூட் சிதைந்திருந்தது, சிதையாவிட்டாலும், பழைய கெர்னல் ஒரு குறிப்பிட்ட ஸ்கசி அட்டையை மட்டுமே அறியும், நாங்கள் அமைத்த மெய்நிகர் கணினியில் அந்த அட்டை இல்லை. ஆகவே அசல் சிடியிலிருந்து 5.0.5ஐப் புதிதாக, ஐடிஇ என்ற வேறு இணைப்பு வகை டிஸ்க் என்று சொல்லி நிறுவ வேண்டும். அதற்கு உரிமச் சான்றிதழ் தாள் வேண்டும். அதில் அச்சிட்ட எண்ணும் குறியும் இல்லாமல் நிறுவல் நகராது.

இங்கேதான் கணக்கர் அன்றைய நாளைக் காப்பாற்றினார். சர்வர் வாங்கிய பில்லோடு அந்தத் தாளையும் சேர்த்துத் தைத்து, வருமான வரிக் கோப்பில் வைத்திருந்தார். ஓரம் கரையானுக்குப் போயிருந்தது. எண்கள் முழுதாக இருந்தன. அவர் ஒவ்வோர் எழுத்தாகப் படிக்க, நான் தட்டினேன். ஏற்றுக்கொண்டது.

அடுத்து, பழைய டிஸ்க்கின் பிரதியை இரண்டாவது டிஸ்க்காக இணைத்தேன். டிஸ்க்கின் அமைப்பைக் குறிக்கும் சிலிண்டர், ஹெட், செக்டார் எண்கள் பொருந்தாமல் மூன்று முறை மறுத்தது. நான்காம் முறை ‘யூ’ பகுதி திறந்தது. முதலில் பார்த்தது சம்பளக் கோப்பின் கடைசித் தேதி: மின்சாரம் போவதற்கு ஐம்பது நிமிடம் முன்பு, இரண்டாம் ஷிப்ட் வருகைப் பதிவு. விடிகாலை மூன்றரை மணி. கணக்கர் நாற்காலியிலேயே தூங்கிவிட்டிருந்தார். எழுப்பிக் காட்டினேன்.

சீரியல் அட்டையை மெய்நிகர் கணினிக்குள் கொண்டுபோக வழியில்லாததால், டெர்மினல்களுக்குப் பதிலாக ஏற்கனவே இருந்த விண்டோஸ் கணினிகளில், டெர்மினல் போலவே நடந்துகொள்ளும் புட்டி நிரலைப் போட்டோம். எழுத்து வந்தது, ஆனால் பெட்டிக் கோடுகள் இருந்த இடத்தில் புரியாத குறிகள் வந்தன, எஃப்10 அழுத்தினால் பதிவு சேமிக்கப்படவில்லை. எழுத்துக் குறியேற்றத்தை 437 என்றும், ஃபங்ஷன் விசைகளின் வகையை ஸ்கோ என்றும் மாற்றியதும் இரண்டும் சரியாகின. புட்டியின் விசைப்பலகைப் பக்கத்தில் ஸ்கோ என்றே ஒரு தேர்வு இருக்கிறது. அதைச் சேர்த்தவருக்கு அன்று மனதார நன்றி சொன்னேன். சம்பளப் பட்டுவாடா ஒருநாள் தாமதமாக நடந்தது.

எங்கே பிழைத்தோம், எங்கே பிழை செய்தோம்

பேட்டரியைச் சோதிக்காதது வெளிக் காரணம். அதைவிட ஆழமான பிழை, பேக்கப் டேப். தினமும் டேப் போட்டார்கள், தேதி எழுதி அடுக்கினார்கள். ஆனால் ஒரு டேப்பையும் திரும்பப் படித்துப் பார்த்ததில்லை. பிறகு சோதித்தபோது கடைசிப் பதினொரு டேப்பில் ஒன்றுகூட முழுதாகப் படிக்கவில்லை. படித்துப் பார்க்கச் சொல்லி வலியுறுத்தியிருக்க வேண்டியவர்களில் நானும் ஒருவன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஸ்கோ தன் பழைய நிரல்களுக்குக் காட்டிய விசுவாசம் பெரிய பண்பு. அந்த விசுவாசமே எங்களை அசையாமல் உட்கார வைத்தது. எதுவும் உடையாததால், மாற்றத்துக்கான பேச்சே எழவில்லை. பத்து ஆண்டுகளுக்கு முன்பே இதை மெய்நிகர் கணினிக்கு மாற்றியிருக்கலாம். உரிமையாளர்களே அதற்கென்று 5.0.7இன் தனி வடிவத்தை வெளியிட்டிருந்தார்கள். ஓடுகிற சர்வரை ஏன் தொட வேண்டும் என்று விட்டுவிட்டோம்.

முதலாளியின் மகனுக்கு எழுத்தில் நான் கொடுத்த பரிந்துரை சுருக்கமானது. புதிய ஸ்கோ எதுவும் வாங்க வேண்டாம். பழைய 5.0.5 லினக்ஸ் சர்வர் ஒன்றுக்குள் மெய்நிகர் கணினியாக இருக்கட்டும். அது முழுவதும் இப்போது ஒரே கோப்பு. பிரதி எடுத்து வேறு ஊரில் வைக்கலாம். இரவுதோறும் ஃபாக்ஸ்பேஸும் ஃபாக்ஸ்புரோவும் தரவைச் சேமிக்கும் டிபிஎஃப் கோப்புகளை வெளியே எடுத்து, மூலநிரல் திறந்த தரவுத்தளம் ஒன்றில் ஏற்ற வேண்டும். டிபிஎஃப்பின் அமைப்பு ஊரறிந்தது. எந்த லேத்திலும் கடையலாம். அதிலிருந்து நூல் இருப்பு, பஞ்சு வரவு, கடைசியாகச் சம்பளம் என்ற வரிசையில் புதிய நிரலுக்கு நகரலாம். பழைய கணினியின் கடிகாரம் 32 பிட். 2038 ஜனவரி 19 காலை 8.44க்கு மேல் அதற்கு நேரம் எண்ணத் தெரியாது. அதற்குள் அன்றாட வேலை முழுவதும் வெளியே வந்துவிட வேண்டும்.

நூல் இருப்பு முதல் எட்டு மாதத்தில் மாறியது. சம்பளம் மாற இரண்டு ஆண்டு பிடித்தது. கூலி விகிதம், பஞ்சப்படி, விடுப்பு என்று பழைய நிரலுக்குள் எழுதப்பட்டிருந்த மில் வழக்கங்கள் வேறெந்தக் காகிதத்திலும் இல்லை. மூன்று மாதம் இரண்டு நிரலையும் சேர்த்தே ஓட்டி, பைசா வரை ஒத்துப் பார்த்த பிறகே கணக்கர் கையெழுத்திட்டார்.

மெய்நிகர் கணினியை அணைத்துவிடலாமா என்று போன மாதம் கேட்டேன். கணக்கர் வேண்டாம் என்றார். ரீலிங் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஓர் அம்மா, பென்ஷன் கணக்கில் தன் பழைய பணிக்காலம் விட்டுப்போயிருக்கிறது என்று வாசலில் காத்திருந்தார். கணக்கர் புட்டியைத் திறந்து, அந்த அம்மாவின் டிக்கெட் எண்ணைத் தட்டி, 1996 முதல் 2003 வரையிலான சம்பளப் பதிவை எடுத்தார். பிரிண்டரின் ரிப்பன் காய்ந்திருந்தது. புது ரிப்பன் மாட்டி, நான்கு தாள் அடித்து, மில் முத்திரை வைத்துக் கொடுத்தார். அந்த அம்மா தாளை நான்காக மடித்துச் சுருக்குப்பையில் வைத்துக்கொண்டு, பல்லடம் பஸ்ஸைப் பிடிக்கப் போனார்.